நாடாவா, பட்டியா, ரிப்பனா: சட்டையில் குத்தும் வண்ணச் சின்னத்துக்கு ஒரு சொல்

1. மொழிபெயர்ப்பாளர், பிடோக்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் வைக்கப்படும் நான்கு மொழிப் பதாகைக்குத் தமிழ் வரைவு என்னிடம் வந்திருக்கிறது. பதாகையில் ஐந்து ரிப்பன்கள்: மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு, எய்ட்ஸுக்குச் சிவப்பு, சிறையிலிருந்து திரும்பியோருக்கு மறுவாய்ப்புத் தரக் கோரும் மஞ்சள், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பச்சை-வெள்ளை, இன நல்லிணக்கத்துக்கான ஆரஞ்சு.

மலாயில் 'ரெபென்' என்று எழுதியாயிற்று. சீனத்தில் 'பட்டு நாடா' என்று பொருள்படும் சொல் முன்பே ஊன்றிவிட்டது. தமிழ் வரைவில் மட்டும் ஒரே பதாகைக்குள் நாடா, ரிப்பன், பட்டை, விழிப்புணர்வுப் பட்டி என நான்கு சொற்கள். வாசிப்பவர் இவற்றை நான்கு வெவ்வேறு பொருள்கள் என்று எண்ணிவிடுவார். ஐந்துக்கும் பொருந்தும் பொதுச்சொல் ஒன்று வேண்டும். 'விழிப்புணர்வு நாடா' என்று வைக்கலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

2. தமிழாசிரியர், உட்லண்ட்ஸ்

வணக்கம் அம்மா. மாணவர்கள் அனைவரும் 'ரிப்பன்' என்றுதான் சொல்கிறார்கள். அதையே வைத்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் 'அணிநாடா' என்பதைப் பாருங்கள். அணிந்த, அணிகின்ற, அணியும் நாடா. நல்ல வினைத்தொகை, சொல்லவும் எளிது.

3. கலைச்சொல் தொகுப்பாளர், தோ பாயோ

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

'விழிப்புணர்வு நாடா' என்பதில் இரண்டு சொற்கள். இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் சொல்லில்தான் அதிகம்.

இத்தகைய ரிப்பன்களில் பல விழிப்புணர்வுக்கென்று பிறக்கவில்லை. 1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணை பிடிக்கப்பட்டபோது, பிணையாளி ஒருவரின் மனைவி வீட்டு மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார். அது காத்திருப்பு. நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' அமைப்பின் கலைஞர்கள் 1991இல் சிவப்பு ரிப்பனை உருவாக்கினார்கள். வளைகுடாப் போரின்போது ஊரெங்கும் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பன்கள்தாம் அவர்களுக்குத் தூண்டுதல். நோயுற்றோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் பரிவு காட்டுவதே நோக்கம். தனி ஒருவர் பெயரும் அதில் இருக்கக் கூடாது, யாரும் உரிமை கோரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. அதே ஆண்டு ஜூனில் டோனி நாடக விருது விழாவில் நடிகர் ஜெரமி அயன்ஸ் சட்டையில் குத்தி வந்தார்.

இளஞ்சிவப்பின் கதை இன்னும் தெளிவான சான்று. ஷார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி வீட்டிலேயே ரிப்பன் செய்து, ஓர் அட்டைக்கு ஐந்து வீதம் கொடுத்துவந்தார். நிறம் பீச் பழத்தின் வெளிர் ஆரஞ்சு. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டு வரவுசெலவு 180 கோடி டாலர், அதில் 5 விழுக்காடுதான் தடுப்புக்குப் போகிறது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார். அது அரசாங்கத்தை நோக்கிய கோரிக்கை. 1992இல் ஓர் இதழும் ஓர் அழகுப்பொருள் நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. வணிகத்துக்குத் தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். இதழின் வழக்கறிஞர்கள் வேறு நிறம் எடுக்கச் சொன்னார்கள். இன்று உலகம் அறிந்த இளஞ்சிவப்பு அப்படி வந்தது. கோரிக்கை கழன்று விழிப்புணர்வு ஒட்டிக்கொண்டதும் அங்கேதான்.

வெள்ளை ரிப்பன் உறுதிமொழி. மாண்ட்ரியலில் 1989 டிசம்பர் 6 அன்று 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையைச் செய்ய மாட்டோம், பொறுக்க மாட்டோம், பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க மாட்டோம் என்று கனடாவில் ஆண்கள் 1991 முதல் அதை அணிகிறார்கள். கறுப்பு துக்கம்: 2015 மார்ச்சில் திரு லீ குவான் யூ மறைந்தபோது இங்கே சமூக ஊடகப் படங்களில் நிறைந்திருந்தது அதுதான். இவற்றையெல்லாம் 'விழிப்புணர்வு' என்ற ஒரே உறைக்குள் போட்டால் பரிவும் கோரிக்கையும் உறுதிமொழியும் துக்கமும் காணாமல் போகும். பெயர் பொருளைச் சொல்லட்டும், நோக்கம் அதற்கு முன்னால் தனியாக வரட்டும்.

அடுத்தது 'நாடா'. 'சிவப்பு நாடா' என்றால் தமிழில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: அலுவலகக் கோப்புகளில் தேங்கும் தாமதம். எய்ட்ஸ் தினப் பதாகையில் 'சிவப்பு நாடாவை ஆதரிப்போம்' என்று எழுதிப் பாருங்கள். செய்தித்தாள் படித்துப் பழகியவர் கண்ணில் அது முற்றிலும் வேறு வாசகம். இதுபோக ஒலிநாடா, அளவுநாடா, பாவாடை நாடா, திறப்புவிழாவில் வெட்டும் நாடா, தறியில் ஓடும் நாடா எல்லாம் இருக்கின்றன. சொல் கெட்டதன்று. ஆனால் தனியாக நிற்கும் வலு அதற்கு இல்லை.

'அணிநாடா' என் காதுக்கும் இனிமைதான் ஐயா. ஆனால் 'சிவப்பு அணிநாடா' என்பதைச் 'சிவப்பு அணியின் நாடா' என்று பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. விளையாட்டு விழா பார்த்த எந்த மாணவரும் அப்படித்தான் படிப்பார். மரத்தில் கட்டுவது, வண்டியில் ஒட்டுவது, கைப்பேசியில் அனுப்பும் படம் ஆகியவை அணிவதும் இல்லை.

என் பரிந்துரை: நாடாச்சின்னம்.

தலைமைச்சொல் 'சின்னம்'. ஆகவே துணியாக இருந்தாலும் படமாக இருந்தாலும் பொருந்தும். 'சிவப்பு நாடாச்சின்னம்' என்றவுடன் கோப்புத் தாமதம் விலகிவிடுகிறது. மாற்றிப் போட்டு 'சின்னநாடா' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அது சிறிய நாடா ஆகிவிடும்.

4. செய்தி ஆசிரியர், சிராங்கூன்

யாழ்ப்பாணத் தமிழில் 'பட்டி' என்று ஒரு சொல் இருக்கே. 'கறுப்புப் பட்டி அணிந்து போராட்டம்' என்று இலங்கைச் செய்திகளில் நாள்தோறும் வருகிறது. ஏன் புதிதாக ஒன்று? 'காப்பு' என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் காப்புக் கட்டி நோன்பு இருப்பது நம் மரபு. ஒரு நோக்கத்துக்காக உடலில் தாங்கும் அடையாளம் என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது.

5. கலைச்சொல் தொகுப்பாளர், தோ பாயோ

அண்ணன் சொல்லும் 'பட்டி' கையைச் சுற்றிக் கட்டுவது. கிரிக்கெட் வீரர்கள் துக்கத்துக்குக் கட்டுவதும் அதுதான். அதை அந்தப் பொருளுக்கே விட்டுவிடலாம். ஒரே செய்தியில் கைப்பட்டியும் நெஞ்சில் குத்துவதும் சேர்ந்து வந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி வேண்டும்.

'காப்பு' கருத்தளவில் மிக அருகில் வருகிறது, மறுக்க மனம் வரவில்லை. ஆனால் பேச்சுவழக்கில் காப்பு மாட்டுவது என்றால் கைவிலங்கு. மஞ்சள் ரிப்பன் யாருக்கானது என்று பாருங்கள். தண்டனையை முடித்து வெளியே வந்தவருக்கு நாம் காட்டும் அடையாளத்தை 'மஞ்சள் காப்பு' என்று அழைக்கவே கூடாது. 'மஞ்சள் கயிறு' தாலி. இழை, கயிறு இரண்டும் அதனால் விலக்கு. வளைவைக் குறிக்கும் 'சுருக்கு', 'கண்ணி' ஆகியவற்றையும் விலக்குகிறேன். சில நாடுகளில் மஞ்சள் ரிப்பன் தற்கொலைத் தடுப்புக்கானது. அங்கே சுருக்கு என்ற சொல்லை நினைக்கவே முடியாது. 'குறிநாடா' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். எய்ட்ஸ் பதாகையில் அச்சொல் சங்கடம் தரும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் பெரும் பிழை அங்கேதான் நடக்கிறது. 'மஞ்சள் நாடாச்சின்னம்' என்று மட்டும் எழுதுவது போதாது. சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய திட்டத்தால் இங்கே அதன் பொருள் மறுவாய்ப்பு. அதே மஞ்சள் தென்கொரியாவில் 2014 ஏப்ரல் 16 அன்று மூழ்கிய செவோல் கப்பலில் இறந்த 304 பேரின் நினைவு. அதே ஆண்டு ஹாங்காங்கில் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டவர்களின் அடையாளம், எதிரே காவல்துறையை ஆதரித்தவர்கள் நீலம் அணிந்தார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017 முதல் சிறைப்பட்ட சுதந்திர இயக்கத் தலைவர்களுக்கான ஆதரவு. 2019இல் ஸ்பெயினின் தேர்தல் ஆணையம் பொதுக் கட்டடங்களிலிருந்து அதை அகற்றச் சொன்னது. வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர் இடத்தையும் நோக்கத்தையும் விட்டுவிட்டால், இங்குள்ள வாசகர் முன்னாள் கைதிகளைத்தான் நினைப்பார்.

ஆரஞ்சும் அப்படியே. இங்கே இன நல்லிணக்கம். ஜப்பானில் சிறார் கொடுமைத் தடுப்பு. உக்ரேனில் 2004 தேர்தல் போராட்டம். ஆரஞ்சும் கறுப்பும் கோடுகளாகச் சேர்ந்தால் அது ரஷ்யாவின் போர் வெற்றி நினைவு ரிப்பன், உக்ரேன் 2017இல் தடை செய்தது. ஊதா பல நாடுகளில் மறதிநோய்க்கும் குடும்ப வன்முறை எதிர்ப்புக்கும் உரியது. சிங்கப்பூரிலோ 2013இல் தொடங்கிய ஊதா அணிவகுப்பால் ஊதா என்றாலே உடற்குறையுள்ளோரை அரவணைப்பது என்று பதிந்திருக்கிறது. சிவப்புகூட அமெரிக்கப் பள்ளிகளில் அக்டோபர் கடைசியில் போதைப்பொருள் எதிர்ப்பு வாரத்துக்குரியது. நம் பதாகையிலோ அந்த வேலையைப் பச்சை-வெள்ளை செய்கிறது.

ஆகவே முதல் முறை எழுதும்போது நோக்கம், நிறம், நாடாச்சின்னம் மூன்றும் வர வேண்டும்: 'எய்ட்ஸ் ஆதரவுச் சிவப்பு நாடாச்சின்னம்'. அடுத்த வரியிலிருந்து 'நாடாச்சின்னம்' போதும். அமைப்பின் பெயரிலேயே ரிப்பனோ நாடாவோ இருந்தால் அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள். பெயர்ச்சொல்லைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

6. அச்சு வடிவமைப்பாளர், அல்ஜுனிட்

வணக்கம். சொல் எனக்கு ஏற்பு. ஏழு எழுத்து, 'விழிப்புணர்வு நாடா' ஒன்பது. தலைப்பில் எழுத்தைப் பெரிதாக்கலாம்.

அச்சில் கவனிக்க வேண்டியவை சில. வரி உடைந்தால் 'நாடாச்' மேல்வரியில், 'சின்னம்' கீழ்வரியில். ஒற்று கீழே இறங்கக் கூடாது. 'இளஞ்சிவப்பு' என்பதை எக்காரணத்துக்காகவும் உடைக்காதீர்கள். கீழ்வரி 'சிவப்பு நாடாச்சின்னம்' என்று தொடங்கினால் மார்பகப் புற்றுநோய்ப் பகுதியில் எய்ட்ஸ் சின்னத்தின் பெயர் நிற்கும். ஆரஞ்சை 'செம்மஞ்சள்' என்று மாற்ற வேண்டாம் என்பதும் இதனால்தான். உடைந்தால் மஞ்சள் ஆகிவிடும், வானொலியில் கேட்டாலும் பாதிப்பேருக்கு மஞ்சள் என்றே விழும்.

பதாகையின் கீழே தொண்டூழியர்களுக்குச் செய்முறை கேட்டிருக்கிறார்கள். அங்கே மூலப்பொருளை 'ரிப்பன்' என்றே எழுதுங்கள். கடையில் நாடாச்சின்னத்துக்கு நாடா கேட்டால் பாவாடை நாடா கொடுப்பார்கள்.

25 கெஜச் சுருள் ஒன்றில் 22.86 மீட்டர் இருக்கும். 15 செ.மீ. வீதம் வெட்டினால் 152 துண்டு, கழிவு போக 150 என்று கணக்கு வையுங்கள். அகலம் 1 செ.மீ. போதும். இரண்டு பக்கமும் பளபளப்பான சாட்டின் வாங்குங்கள். ஒருபக்கச் சாட்டினை மேலே ஒரே மடிப்பாக மடித்தால் ஒரு கால் பளபளக்கும், மறுகால் மங்கலாகத் தெரியும். பச்சை-வெள்ளையை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட ரிப்பனில் செய்தால் ஒரு கால் வெறும் வெள்ளையாகவே நிற்கும், சின்னமே மாறிவிடும்.

நடுவில் மடித்து, முனைகளிலிருந்து சுமார் 5 செ.மீ. மேலே இரு கால்களையும் குறுக்காக வைத்து, குறுக்கு விழும் இடத்தில் ஊக்கு குத்த வேண்டும். ஊக்கு இரண்டு அடுக்கையும் சட்டைத் துணியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலடுக்கை மட்டும் பிடித்தால் பத்து நிமிடத்தில் பின்கால் விரிந்து தொங்கும். முனையைச் சாய்வாக வெட்டினால் நூல் பிரிவது குறையும். பாலியஸ்டர் என்றால் முனையைச் சுடரருகே ஒருகணம் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், அதிகம் காட்டினால் கருகிவிடும். இரும்பு ஊக்கு வேண்டாம். நம் ஈரப்பதத்தில் துருப்பிடித்து வெள்ளைச் சீருடையில் கறை விடும்.

7. தமிழாசிரியர், உட்லண்ட்ஸ்

'அணிநாடா'வை மீட்டுக்கொள்கிறேன். ஒரு கேள்வி: 'நாடாச் சின்னம்' என்று இடம்விட்டா, சேர்த்தா? 'தொண்டூழியர்' என்ற சொல் இந்த ஊரில் வேரூன்றியதற்கு எல்லாரும் ஒரே மாதிரி எழுதியதும் ஒரு காரணம். வகுப்பில் நான் ஒருவகையாகவும் பதாகை வேறுவகையாகவும் எழுதக் கூடாது.

8. மொழிபெயர்ப்பாளர், பிடோக்

சேர்த்தே எழுதுவோம் ஐயா. தேடும்போதும் ஒரே சொல்லாக அகப்படும். தொகுப்பில் சேர்க்க வேண்டிய பதிவு இது:

> நாடாச்சின்னம் (பெயர்ச்சொல், பன்மை: நாடாச்சின்னங்கள்). ஒரு நோக்கத்துக்கான ஆதரவு, பரிவு, கோரிக்கை, உறுதிமொழி, துக்கம் அல்லது விழிப்புணர்வைக் காட்ட, மேலே வளைவும் கீழே குறுக்காக விழும் இரு கால்களுமாக மடித்து அணியும் வண்ண ரிப்பன்; அதன் படம். மரத்திலோ வேலியிலோ கட்டும் ரிப்பனுக்கும் பொருந்தும். கையைச் சுற்றிக் கட்டுவது: கைப்பட்டி. மூலப்பொருள்: ரிப்பன். நிறத்தின் பொருள் நாட்டுக்கு நாடு மாறுவதால், முதல் குறிப்பில் நோக்கத்தையும், வெளிநாட்டுச் செய்தியாயின் இடத்தையும் சேர்த்து எழுதுக.

பதாகைத் தலைப்பு: 'ஐந்து நாடாச்சின்னங்கள், ஐந்து நோக்கங்கள்'. திருத்தம் இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.