கூத்து ஆடினால் போதாதா, எழுதவும் வேண்டுமா?

கட்டியங்காரன்:
தோழர்களுக்கு வணக்கம். 11 வருடமாகக் கூத்தில் வேஷம் கட்டுகிறேன். எம்.ஏ. நாடகம் முடித்துவிட்டு, பிரிட்டனில் நிகழ்த்துதல் வழியாகச் செய்யும் பிஎச்.டி.க்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிகழ்வோடு சேர்த்து 40,000 சொல்லில் ஆய்வேடும் கேட்கிறார்கள். ஆட்டமே ஆய்வு என்று சொல்லிவிட்டு அப்புறம் எழுத்து எதற்கு? என் வாத்தியார் விடிய விடியக் கர்ண மோட்சம் ஆடுபவர். ஒரு வரி எழுதியதில்லை. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? ‘ஆய்வுக் கேள்வி’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று புரியாமல், கர்ண மோட்சத்தை அங்கே மேடையேற்றுவேன் என்று போட்டிருக்கிறேன்.

ஒப்பனைஅறை:
அந்தக் கடைசி வரியை முதலில் அடித்துவிடுங்கள் தம்பி. நான் பட்ட அடி அது. முதல் முறை காட்சி வரிசை, நடிகர் எண்ணிக்கை, விளக்குச் செலவு என்று முழுக்கத் தயாரிப்புத் திட்டமாக எழுதி அனுப்பினேன். இதைச் செய்து முடித்தால் புதிதாக என்ன தெரியவரும் என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அழுதேன். ஆனால் கேள்வி நியாயம்தான்.

உங்கள் சண்டை பழைய சண்டை. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நாடக ஆய்வாளர் பாஸ் கெர்ஷா தலைமையில் 2001 முதல் 2006 வரை ‘பாரிப்’ (Practice as Research in Performance என்பதன் சுருக்கம்) என்றொரு திட்டம் நடந்தது. ஆட்டத்தை ஆய்வாக எப்படி ஏற்பது, எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் அங்கே பேச்சே. எழுத்து மட்டுமே உள்ள வழக்கமான ஆய்வேடு பிரிட்டனில் 80,000 சொல் அளவுக்குப் போகும். மீதி இடத்தை உங்கள் ஆட்டத்துக்கு விட்டுத் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சலங்கை:
அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்தை நாலு முறை புரட்டலாம், ஆட்டத்தை ஒரு முறைதான் பார்ப்பார்கள். வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், எது நிற்கும்? நம் அடவுக்கு, அந்த ஆட்ட அசைவுக்கு, ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டதுமே பாதி போய்விடுகிறது. வீடியோ வேறு. தூசியும் பெட்ரோமாக்ஸ் வாசமும் அதில் எங்கே வரும்?

ஒப்பனைஅறை:
சலங்கை, வீடியோதான் எனக்குக் கேள்வியையே கொடுத்தது. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று பாடிக்கொண்டு வருகிறோம் இல்லையா? முன்னால் வைத்த கேமராவில் வெறும் துணியும் கிரீடத்தின் நுனியும்தான் இருந்தன. அடுத்த முறை பின்பக்கமும் ஒன்று வைத்தேன். நான் பாட ஆரம்பிக்கும் முன்பே என் கால் சலங்கை வேஷத்துக்குப் போய்விட்டிருந்தது. முகம் தெரிவதற்கு முன் குரலும் சலங்கையும் பாத்திரத்தை எப்படிக் கட்டுகின்றன? இரண்டாவது விண்ணப்பம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். இடம் கிடைத்தது.

அடவு என்ற சொல்லை ஆய்வேட்டில் அப்படியே அடவு என்றுதான் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. தேர்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்களா என்று நெறியாளரிடம் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட இடம் தருவார்களா என்பதையும்.

சலங்கை:
சரி, உங்களுக்கு நடந்தது. ஆனால் பட்டம் உங்கள் பெயரில். திரைக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் எங்கே? நன்றியுரையில் ஒரு வரியா? எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஒப்பனைஅறை:
இதில் உங்களோடுதான் நிற்கிறேன். ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் வாங்கும்போது, சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி என் வாத்தியாருக்குப் படித்துக் காட்டினேன். எந்தப் பாட்டைப் பதிவு செய்யலாம், எது கூடாது என்று அவர்தான் முடிவு செய்தார். அவர் சொன்னதெல்லாம் அவர் பெயரோடுதான் ஆய்வேட்டில் இருக்கிறது. அது போதுமா என்றால், போதாதுதான்.

கட்டியங்காரன்:
இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோன்றுகிறது, சரியா பாருங்கள். கர்ணன் அம்பு பட்டுச் சாயும்போது வாத்தியாருக்குச் சுருதி இறங்காது. அதே கிரீடம், அதே புஜக்கீர்த்தி, அதே விடியற்காலை. எனக்கு ஒவ்வொரு முறையும் இறங்கிவிடுகிறது. ஏன் என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை. இதைக் கேள்வியாக வைக்கலாமா?

ஒப்பனைஅறை:
தாராளமாக வைக்கலாம். முதலில் வாத்தியாரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.

சலங்கை:
பக்கத்திலேயே அவர் பெயரையும்.