எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மரீன் கத்தி

*சனிக்கிழமை*

கார்த்திக்: [படம்] [படம்] [படம்]

கார்த்திக்: சுந்தரம் மாமா, தினேஷ் மாப்பிள்ளை, இரண்டு பேரும் இதைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி மகளோடு இருக்கப் போகிறார். வீட்டைக் காலி செய்யும்போது இதை என்னிடம் கொடுத்தார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரீன், அதாவது கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டை போடுகிற படைவீரர். பசிபிக் பக்கம் போனவராம். அங்கங்கே துரு இருக்கிறது, பிடி காய்ந்துபோயிருக்கிறது. நாளைக்கு சாணை பிடிக்கிற கடையில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிச் சுவரில் மாட்டலாம் என்று நினைக்கிறேன்.

விமலா: கார்த்தி, கத்தியா? எதற்கடா கண்ணு இதெல்லாம்? சின்னவன் கைக்கு எட்டாமல் வை முதலில்.

தினேஷ்: மச்சான், கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். அப்படியே வையுங்கள். மதியம் எழுதுகிறேன், இப்போது ஃபர்னஸ் பக்கத்தில் நிற்கிறேன்.

பிரியா: அண்ணா, அந்த நீளப் பள்ளம் எதற்கு? ரத்தம் வழிந்தோடுவதற்கு என்று என் கூட வேலை செய்கிறவர் சொல்கிறார் 😳

சுந்தரம் மாமா: அது கதை பாப்பா. எடையைக் குறைப்பதற்காக இரும்பை எடுத்திருக்கிறான். அவ்வளவுதான். எங்கள் பட்டாளத்துப் பேயனட்டில்கூட (துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி) அப்படி உண்டு. இதை வைத்து எத்தனை பேர் புருடா விட்டிருப்பான்.

சுந்தரம் மாமா: கார்த்தி, கைக்காப்புக்குக் கீழே எழுத்து இருக்கும், எண்ணெய்த் துணியால் லேசாகத் துடைத்துப் படித்துச் சொல்.

கார்த்திக்: ஒரு பக்கம் யூ.எஸ்.எம்.சி., அதாவது அமெரிக்க மரீன் படை. இன்னொரு பக்கம் கமிலஸ், நியூயார்க். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் மாமா. எல்லோரும் கேபார் என்று சொல்கிற கத்தி ஓலியனில் செய்தது. நான் இருக்கிற பஃபலோவிலிருந்து காரில் போனால் ஒன்றரை மணி நேரம். அந்த ஊர் முத்திரை இருக்கும் என்று நினைத்தேன்.

சுந்தரம் மாமா: எந்த ஏமாற்றமும் வேண்டாம். 1942 நவம்பரில் மரீன்கள் இந்த வடிவத்தை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு கம்பெனியால் செய்து மாளவில்லை. ஓலியனில் கேபார் முத்திரைக்காரரான யூனியன் கட்லரி செய்தது, கமிலஸ் செய்தது, ரோப்சன், பால் என்று இன்னும் இருவர் செய்தார்கள். உன் கையில் இருப்பது அசல் போர்க்காலச் சரக்கு. கமிலஸ் கம்பெனி 2007இல் மூடிவிட்டது, இனிமேல் அங்கே ஒன்றும் வராது.

கார்த்திக்: ஓலியன்காரர்கள்கூடப் போர் முடிந்ததும் நிறுத்திவிட்டு, 1976இல்தான் மரீன் படையின் 200ஆவது ஆண்டுக்காக மறுபடி செய்தார்களாம். இப்போது கடையில் கிடைப்பது அந்த வழியில் வந்தது.

வசந்தி சித்தி: துருவுக்கு நல்லெண்ணெய் தடவி வை கார்த்தி. நம் அரிவாள்மணைக்கு அதுதான். இல்லை என்றால் தேங்காய் எண்ணெய், நம் தோட்டத்தில் ஆட்டியது அனுப்பட்டுமா?

விமலா: வசந்தி, கத்திக்கா எண்ணெய் அனுப்புவாய்? எனக்கு இரண்டு லிட்டர் அனுப்பு.

தினேஷ்: இப்போது ஓய்வு. சித்தி கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்லெண்ணெய் காற்றுப்பட நாளாக நாளாகப் பிசுபிசுவென்று கெட்டியாகிவிடும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிவாள்மணை தினமும் புழங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பஃபலோ குளிரில் கத்தி மேல் மெழுகு மாதிரி நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். உணவில் படுகிற கத்தி என்றால் மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின்.

தினேஷ்: இனி சாணைக் கடை. இது 1095 என்கிற கார்பன் இரும்பு வகை. நூற்றுக்கு கிட்டத்தட்ட ஒரு பங்கு கார்பன், குரோமியம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. எவர்சில்வர் என்று சொல்ல 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். இப்போது செய்கிற கேபாரில் கொஞ்சம் குரோமியமும் வனேடியமும் சேர்க்கிறார்கள், அதுவும் துருப்பிடிக்கும். இந்த மாதிரி இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்த பிறகு, 200 டிகிரி சுற்றி மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவார்கள், அதுதான் டெம்பர். தண்ணீர் விடாத சாணைக் கல்லில் விளிம்பு ஒரு நொடியில் 300 டிகிரியைத் தாண்டும். நீல நிறம் வந்தால் அந்த இடம் போச்சு, மெத்தென்று ஆகிவிடும். நாங்கள் தினமும் பார்க்கிற கேஸ் இது.

தினேஷ்: அதைவிட முக்கியம், இரண்டாவது படத்தில் தெரிகிற சாம்பல் நிற மங்கல். அது அழுக்கு இல்லை மச்சான், பாஸ்பேட்டிங், அதாவது இரும்பின் மேல் ஏற்றுகிற பாஸ்பேட் பூச்சு. இங்கே கோவையில் போல்ட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் போடுகிறோமே, அதே வேலைதான். வெளிச்சத்தில் மின்னாமல் இருக்கவும் எண்ணெயைப் பிடித்து வைக்கவும் போட்டது. பளபளவென்று தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

கார்த்திக்: அப்போ துருவை எப்படி எடுப்பது? ஸ்டீல் உல் (இரும்பு நார்) வாங்கி வைத்திருக்கிறேன்.

தினேஷ்: வேண்டாம், பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும். செப்பு ஏதாவது இருக்கிறதா? செம்பு இரும்பைவிட மெது, துருவைவிட விடாப்பிடி. எண்ணெயை ஊற்றி ஊறவைத்துவிட்டுச் செப்புக் காசின் விளிம்பால் சுரண்டினால் சிவப்புத் துரு மட்டும் வரும்.

கார்த்திக்: இங்கே பென்னி காசு இருக்கிறது. ஆனால் பிற்காலத்துப் பென்னி உள்ளே துத்தநாகம், மேலே செப்புப் பூச்சு.

கார்த்திக்: இருங்கள், பையனின் உண்டியலில் 1979 பென்னி இருந்தது. 1982க்கு முந்தியது 95 சதவீதம் செம்பு 😀

விமலா: குழந்தை உண்டியலை உடைக்கிறாயா?

கார்த்திக்: கடன்தான் அம்மா.

சுந்தரம் மாமா: தினேஷ் சொல்வது சரி. சிவப்பாகப் பொடிந்து வருவது துரு, அதை எடு. கறுப்பாக, சாம்பலாக இருப்பதைத் தொடாதே, அது கத்தியின் வயசு. பிடி என் விஷயம். அது முட்டை வடிவத் தோல் வில்லைகளைக் கோத்து, அமுக்கி, அடியில் இரும்புக் கட்டை போட்டு இறுக்கினது. அதை எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் பஞ்சாகிவிடும், வில்லைகள் ஆடும். தண்ணீரில் முக்கவே கூடாது. நிறமில்லாத பூட் பாலிஷை விரலால் மெல்லிசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, காட்டன் துணியால் தேய்த்து மெருகேற்று. பட்டாளத்தில் பெல்ட்டை அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

சுந்தரம் மாமா: உறை இருக்கிறதா?

கார்த்திக்: இருக்கிறது மாமா. கத்தி அதற்குள்தான் இருந்தது. உறையின் குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பிசின்.

சுந்தரம் மாமா: அதுதான் துருவுக்குக் காரணம்! தோல் உறை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். உறை எடுத்துப்போவதற்கு மட்டும். வீட்டில் கத்தி தனி, உறை தனி. பச்சை, பித்தளை தோலின் கொழுப்போடு சேர்ந்து வருவது, பல் குத்தும் குச்சியால் எடு.

பிரியா: மாமா, உண்மையிலேயே இதை வைத்துச் சண்டை போட்டார்களா?

சுந்தரம் மாமா: போட்டவனும் உண்டு. ஆனால் கத்தி பெட்டி உடைக்கவும் கயிறு அறுக்கவும் டின் திறக்கவும்தான் அதிகம் வெளியே வரும், எந்தப் பட்டாளத்திலும். இதற்கு முன்னால் மரீன் ரெய்டர்கள் என்கிற திடீர்த் தாக்குதல் பிரிவுக்கு மெல்லிசாக, இரண்டு பக்கமும் கூர் வைத்து ஒரு குத்துவாள் கொடுத்திருந்தார்கள். குத்துவதற்கு மட்டும் நல்லது. டின் திறக்கப் போனால் முனை முறியும். அதனால்தான் இதைத் தடியாக, 7 அங்குல அலகோடு செய்தார்கள். அடிக்கட்டையைப் பார், தட்டையாக இருக்கும். கூடார முளை அடிக்க.

கார்த்திக்: கட்டையில் சின்னச் சின்ன அடி பட்ட தழும்பு நிறைய இருக்கிறது மாமா.

சுந்தரம் மாமா: பார்த்தாயா. அந்த மனுஷன் வேலை வாங்கியிருக்கிறார்.

விமலா: அங்கே போலீஸ் ஒன்றும் கேட்காதே?

கார்த்திக்: வீட்டில் வைத்திருக்கத் தடை இல்லை அம்மா. இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் போவது வேறு விஷயம், ஊருக்கு ஊர் சட்டம் மாறும். நான் எங்கேயும் கட்டிக்கொண்டு போகப் போவதில்லை.

சுந்தரம் மாமா: லீவுக்கு வரும்போது கொண்டுவரலாம் என்று நினைத்தால் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதே. நம் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம், இல்லை 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றுதான் கணக்கு. இது அதற்குள் அடங்கும். ஆனாலும் கஸ்டம்ஸில் நின்று கதை சொல்ல வேண்டியிருக்கும். அங்கேயே இருக்கட்டும்.

வசந்தி சித்தி: ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைப்பாய்தானே?

தினேஷ்: வையுங்கள் மச்சான், ஆனால் மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள் 🙏 ஈரச் சந்தனம் காயக் காயப் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு ஏறும். எங்கள் ஒர்க்‌ஷாப் வெர்னியர் அளவுகோலில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது.

*ஞாயிற்றுக்கிழமை*

கார்த்திக்: [படம்] [படம்]

கார்த்திக்: பென்னி வேலை செய்கிறது மாப்பிள்ளை! சாம்பல் பூச்சு அப்படியே இருக்கிறது, சிவப்பு மட்டும் வந்துவிட்டது. முனைப் பக்கம் இரண்டு குழி மட்டும் நிற்கிறது.

தினேஷ்: அருமை. குழியை நிரவப் பார்க்காதீர்கள். துரு உள்ளே போகாமல் எண்ணெய் இருந்தால் போதும்.

கார்த்திக்: கூர் தீட்டலாமா? பாட்டி கொடுக்கும்போது "மாட்டி வைக்காதே, பயன்படுத்து" என்றுதான் சொன்னார்.

தினேஷ்: தீட்டாதீர்கள் என்பது என் கட்சி. 80 வருஷத்துக்கு முந்திய விளிம்பு. ஒரு தடவை கல்லில் வைத்தால் அந்த மனிதர் தீட்டிய தடம் போய்விடும். திரும்ப வராது.

சுந்தரம் மாமா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூர் இல்லாத கத்தியை எதற்கு வைத்திருப்பது? அவரும் எத்தனை தடவை தீட்டியிருப்பார். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி, மெல்லிய கல், இரண்டு சொட்டு எண்ணெய். கையால் தீட்டினால் எந்தச் சூடும் வராது.

தினேஷ்: மாமா, அவர் தீட்டியது அவருடைய கத்தி!

சுந்தரம் மாமா: இப்போது இவனுடையது.

பிரியா: மாமனாரும் மாப்பிள்ளையும் மோதல் 🍿

கார்த்திக்: கல்லில் வைக்கவில்லை. பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தேன், தாளை அறுக்கிறது. பாட்டி அட்டைப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுக் கயிறெல்லாம் இதால்தான் அறுத்துக் கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

சுந்தரம் மாமா: சபாஷ். அறுத்ததும் துடைத்தாயா?

கார்த்திக்: துடைத்து எண்ணெயும் போட்டாயிற்று மாமா. உறை தனியாக, கத்தி துணியில் சுற்றிப் பெட்டியில், பூட்டுப் போட்டு. அம்மா, சாவி மேல் அலமாரியில்.

விமலா: 👍

கார்த்திக்: முகாமுக்குப் போகும்போது எடுத்துப்போகப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ரப்பர் மாதிரியான பிடி போட்டது கிடைக்கிறது, மழையில் நனைந்தால் கவலை இல்லை.

தினேஷ்: அது நல்ல யோசனை. அதை எவ்வளவு வேண்டுமானாலும் தீட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வசந்தி சித்தி: எனக்கும் ஒன்று வாங்கி வா கார்த்தி, இளநீர் சீவ.

சுந்தரம் மாமா: வசந்தி, அது 300 கிராம் சொச்சம். இளநீருக்கு வீச்சில் கனம் வேண்டும். திருப்பாச்சி அரிவாள் இருக்கும்போது உனக்கு எதற்கு அமெரிக்கக் கத்தி?

வசந்தி சித்தி: நீங்கள் வாங்கித் தந்த அரிவாள் பிடி ஆடுகிறது அண்ணா. அதைச் சொல்லத்தான் இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன்.