அப்பாவின் தொண்டை அறுவை: பேச்சைவிட விழுங்குவதுதான் பாடாக இருந்தது

என் தந்தை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லிகைக்கு விலை கூவியவர். இடது காதில் வலி என்று நான்கு மாதங்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மூக்கு வழியாகக் குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்த்த பிறகுதான், காதில் குறை ஒன்றும் இல்லை, தொண்டையில் இருக்கும் கட்டியின் வலியே நரம்பு வழியாகக் காதில் தெரிகிறது என்பது விளங்கியது. குரல்வளையை ஒட்டி உணவு இறங்கும் பள்ளத்தின் இடப்பக்கச் சுவரில் புற்றுநோய் இருந்தது.

"டாக்டர், பேச்சு வருமா?" என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவரோ அப்பாவை இரண்டு மாடி ஏறி இறங்கி வரச் சொன்னார். எனக்கு எரிச்சலாகவே இருந்தது. குரல்வளையில் ஒரு பகுதியை விட்டுவைத்தால் சில காலம் உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கவே செய்யும் என்றும், அதை இருமித் தள்ளும் வலு நுரையீரலுக்கு இல்லையென்றால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றும் பிறகு விளக்கினார். இத்தனை ஆண்டு பீடி குடித்தவர் எப்படி நிற்காமல் ஏறினார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் குரல்வளையைக் காக்கும் வழியையும் மருத்துவர் சொன்னார். ஆனால் அப்பாவுக்குக் கட்டி சிறியது, இடப்பக்கக் குரல்நாண் அசைந்துகொண்டிருந்தது, குருத்தெலும்பை நோய் தொடவில்லை. எனவே குரல்வளையில் ஒரு பகுதியை விட்டுவைத்து, நோயுள்ள இடத்தை மட்டும் எடுக்கும் பகுதி அறுவை என்று முடிவாயிற்று. அறுவையின் நடுவே விளிம்புத் திசுவைச் சோதிக்கும்போது நோய் தெரிந்தால் குரல்வளை முழுவதையும் எடுப்பதற்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளை அப்பா இரண்டு முறை படித்தார்.

வெட்டிய சுவருக்குப் பதிலாக இடது முன்கைத் தோலை அதன் இரத்தக்குழாய்களோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கழுத்துக் குழாய்களோடு இணைத்துத் தைத்தார்கள். தமனி ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று கைக்குப் போதுமா என்று மணிக்கட்டை அழுத்தி முன்பே பார்த்திருந்தார்கள். முதல் சில நாட்கள் ஒட்டிய தோலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று இரவிலும் மணிக்கொரு முறை செவிலியர் வந்து பார்த்தார். கழுத்தில் மூச்சு விட ஒரு குழாய், மூக்கில் உணவு செலுத்த ஒரு குழாய், கையில் எழுதிக் காட்டச் சிலேட்டு.

பெரும்பாடு அதன் பிறகுதான் தொடங்கியது. மூச்சை இழுத்து அடக்க வேண்டும், அடக்கியபடியே விழுங்க வேண்டும், மூச்சை உள்ளே இழுப்பதற்கு முன் இருமி, மறுபடி விழுங்க வேண்டும். ஒரு கரண்டிக் கெட்டிக் கூழுக்கு இத்தனையும். தண்ணீர் எளிது என்று நினைத்திருந்தோம்; அதுதான் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கி, அவரை அதிகம் இருமவைத்தது. ஜிகர்தண்டா கேட்டார், பாலும் கடல்பாசித் துண்டும் கலந்ததை விழுங்குவது இன்னும் கடினம் என்று, விழுங்கக் கற்றுத்தந்த பயிற்சியாளர் மறுத்துவிட்டார். மூக்குக் குழாயை எடுக்கவே மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

குரல் இருக்கிறது, ஆனால் கரகரத்து, மெலிந்து. கூவும் வேலையைத் தம்பி பார்க்கிறான். அப்பா கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பழைய வியாபாரிகள் போன் செய்தால், "பெரியவர் இல்லையா?" என்று அவரிடமே கேட்கிறார்கள். "நான்தான்யா பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைய விலையைச் சொல்கிறார்.