மூக்கில் மாஸ்க் மாட்டி ரூட் கெனால்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எட்டு வயதில் ஊசி போட்டு மரத்துப்போகும் முன்பே எனக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பல் ஆஸ்பத்திரி வாடை அடித்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும். போன மாதம் ரூட் கெனால், அதாவது பல்லின் வேர் வரை சுத்தம் செய்யும் சிகிச்சை, செய்தே ஆகவேண்டும் என்ற நிலை. மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை டாக்டர் முன்னால் அழுதே விட்டேன்.

"மயக்கமெல்லாம் இல்லைம்மா, முழிச்சுதான் இருப்பீங்க. பயம் கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும்" என்று சொல்லி, மூச்சில் இழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவைக் கொடுத்தார்.

மூக்கை மட்டும் மூடும் சின்ன ரப்பர் மாஸ்க். முதலில் வெறும் ஆக்சிஜன். அப்புறம் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எனக்கு 40 சதவீதத்தில் நிறுத்தினார். இரண்டு மூன்று நிமிடத்தில் விரல் நுனி குறுகுறுத்தது, பிறகு கால் கட்டைவிரல். நாற்காலியை இறுக்கியிருந்த கை எப்போது தளர்ந்ததோ தெரியவில்லை. ட்ரில் சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரிக் கேட்டது. மரத்துப்போகும் ஊசியும் போட்டார்கள். வாயு மட்டும் வலியை முழுதாக எடுக்காது. ஆனால் ஊசியைப் பார்த்து நான் தலையைத் திருப்பவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம். முடிந்ததும் 5 நிமிடம் ஆக்சிஜன், அப்புறம் நானே நடந்து வெளியே வந்தேன்.

*

மேலே எழுதியவரைப் போல எனக்கு இல்லை, என் மகளுக்குத்தான் இந்த வாயு கொடுக்க இருந்தார்கள். அவளுக்கு 6 வயது. சளியில் மூக்கு அடைத்திருந்ததால் அன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லீவு போட்டுப் போனதால் கோபம் வந்தது. ஆனால் மூக்கால் இழுக்க முடியாத பிள்ளைக்கு வாயு எப்படி உள்ளே போகும்? அந்த வாரம் முழுக்க மல்லிகைப் பூவை நீட்டி, வாயை மூடிக்கொண்டு மோந்து பார்க்கப் பழக்கினேன். அடுத்த முறை அவளே மாஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

*

நான் பல் மருத்துவர். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இந்த வாயுவை இழுத்துத் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிப் பார்த்தார். இன்றைய கருவிகளில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பூட்டு உண்டு, அதனால் மூச்சு முட்டுமோ என்று பயப்படவேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ வைட்டமின் பி12 குறைவு இருந்தாலோ மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வாயு உடம்பிலுள்ள பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவாக இருக்கலாம் என்பதால், அவர்களிடம் நான் இதைக் கேட்காமல் மாஸ்க்கைத் தொடுவதில்லை.