சாவோ பாவுலோவில் ஐந்து நாள், அம்மாவோடு: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு பிரேசிலின் சாவோ பாவுலோவுக்குப் போகிறேன். இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் இருவரும் ஊசி போட்டுக்கொண்டோம்.

நான் முதலில் பார்க்க நினைப்பது குடியேறிகள் அருங்காட்சியகம். காபித் தோட்ட வேலைக்காகக் கப்பலில் வந்திறங்கிய இத்தாலியர்களும், 1908 முதல் ஜப்பானியர்களும் தங்கவைக்கப்பட்ட பழைய விடுதிதான் அது. என் தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அதனால் அங்கே அரை நாளாவது இருக்க வேண்டும். பிறகு ஜப்பானியர் பேட்டையான லிபர்தாதே. ஞாயிறன்று வாகனங்களை நிறுத்திவிட்டு மக்கள் நடக்கும் பாவுலிஸ்தா சாலை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோவில் படி ஏறாமல் சமாளிக்க முடியுமா? பாவுலிஸ்தா பக்கம் தங்குவது நல்லதா, பழைய நகர மையமா? கைப்பேசிப் பறிப்பு அதிகம் என்கிறார்கள். தெருவில் எப்படி எச்சரிக்கையாக இருப்பது?

சாப்பாடுதான் பெருங்கவலை. அம்மா சைவம். அங்கே பயறு வேகவைக்கும்போதே பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டாம். இறைச்சி சேராத பயறு வேண்டும் என்று போர்த்துகீசிய மொழியில் எப்படிக் கேட்பது? உச்சரிப்பைத் தமிழில் எழுதித் தந்தால் அம்மாவே மனப்பாடம் செய்துகொள்வார்.