மதுரைல இருந்து ஒரு நைட் கொடைக்கானல், கோல்ஃபுக்காக மட்டும் போலாமா?

கல்யாண நாள் வருது, பிள்ளைங்கள அம்மா வீட்டுல விட்டுட்டு ஒரே ஒரு நைட்டு போயிட்டு வரலாம்னு பிளான். அவருக்கு கோல்ஃப் பைத்தியம், எனக்கு பட்டர் (பந்த குழிக்குள்ள தள்ளுற கோல்ஃப் மட்டை) பிடிக்க மட்டும்தான் தெரியும். 120 கிலோமீட்டர் கிட்ட வருது, சனிக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை திரும்பினா விளையாட டைம் இருக்குமா?

பதில் 1:
தாராளமா. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சதுங்க, 18 ஹோல் (பந்து போடுற குழி) இருக்கு. ஆனா மெம்பர் இல்லாதவங்களுக்கு அன்னைக்கு இடம் இருக்கா, ஃபீஸ் எவ்ளோன்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுருங்க. 7000 அடி உயரத்துல காத்து லேசு, பந்து நம்ம ஊர விட தூரமா போகும், அதனால சார கொஞ்சம் கம்மி தூரம் அடிக்கிற மட்டை எடுக்கச் சொல்லுங்க. இ-பாஸ் (கொடைக்கானலுக்கு வண்டில வர ஆன்லைன்ல எடுக்கிற அனுமதி) மறந்துராதீங்க, 2024 மே மாசத்துல இருந்து கட்டாயம்.

பதில் 2:
அக்கா, சனிக்கிழமை மதியம் விளையாடலாம்னு நினைக்காதீங்க, எங்களுக்கு நாலாவது ஹோல்லயே மிஸ்ட் இறங்கி எதுக்க நின்ன வீட்டுக்காரரே தெரியல, குழில நட்டிருக்க கொடி எங்க தெரியப் போகுது. ஞாயிறு காலைல ஏழு மணிக்கே போயிருங்க. புல்லுல காட்டுமாடு மேயும், பந்து அது காலடில கெடந்தா விட்டுருங்க, புது பந்து வாங்கிக்கலாம்.

கேட்டவர்:
காட்டுமாடா!! அவர்கிட்ட சொன்னேன், சிரிக்கிறாரு. ஞாயிறு காலைதான் ஃபிக்ஸ்.

பதில் 2:
ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துக்கோங்க, புல் ஈரத்துல சாக்ஸ் நனைஞ்சுரும் 😄