கரிக்கிட்டங்கித் தூசி உப்பில் படிகிறது: தண்ணீர் தெளிக்காமல் தடுக்க வழி உண்டா?

உப்பளக்காரன் (வாலிநோக்கம்):
எங்கள் பாத்திகளுக்கு மேற்கே, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டங்களிலிருந்து வரும் கருவேலங்கரியைச் சலித்து, மூட்டை பிடித்து, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றும் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்று வந்திருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று எழுந்துவிட்டால், பாத்தியோரத் தட்டுமேட்டில் குவித்த உப்பின்மேல் கறுப்புப் படலம் படிந்து, வியாபாரி விலையைக் குறைத்துவிடுகிறார். நனைந்த கரி விலை போகாது என்பதால் கிட்டங்கிக்காரர் தண்ணீர் தெளிக்க மறுக்கிறார். அவரும் ஊர்க்காரர் என்பதால் எனக்கு வழக்குக்குப் போக மனமில்லை. அனல்மின் நிலையங்களில் மலைபோல் கிடக்கும் நிலக்கரியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெல்ட் ஆபரேட்டர் (ஓய்வு):
ஐயா, கிடக்கும் குவியலைவிட, கரி விழுகிற இடத்திலும் கிளறப்படுகிற இடத்திலும்தான் தூசி அதிகம் பிறக்கிறது. அதனால்தான் நிலக்கரி ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு விழும் இடத்தை மூடி, உள்ளே பனிபோன்ற நுண்துளிகளைத் தெளிப்பார்கள். துளி பெரிதாக இருந்தால் தூசி அதன்மேல் ஒட்டாமல் காற்றோடு விலகிப் போய்விடும். உங்கள் அண்டைவீட்டாரிடம் அந்த இடம் சல்லடைதான். சல்லடையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, கரியை உயரத்திலிருந்து கொட்டாமல், காற்று எழுவதற்கு முன் விடியற்காலையிலேயே சலித்து முடித்தால், தண்ணீரே இல்லாமல் பெரும்பகுதி அடங்கும். எல்லையில் சுவர் எழுப்ப வேண்டாம். முழுச்சுவரில் மோதும் காற்று மறுபுறம் சுழன்று தூசியைக் கிளப்பும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட பனைமட்டை அடைப்பு காற்றின் வேகத்தை ஒடிக்கும்.

சாயல்குடி லாரிக்காரர்:
அடைப்பு சரி, ஆனால் பாதையை விட்டுவிட்டீர்களே. லாரியிலிருந்து சிந்திய கரி டயரில் அரைபட்டு மாவாகிறது. மறுலாரி வரும்போது அதுதான் எழுகிறது. பாரத்தைத் தார்ப்பாயால் இறுக்கி மூடச் சொல்லுங்கள். மண்பாதைக்கான மருந்து உப்பளக்காரரிடமே இருக்கிறது: உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி, அது காற்றின் ஈரத்தை இழுத்து மண்ணைப் பதமாக வைத்திருக்கும். கரியின்மேல் மட்டும் படக்கூடாது, ஊருணிப் பக்கம் வடியவும் கூடாது. லாரியின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் என்பது என் சொந்தக் கவலை.

பெல்ட் ஆபரேட்டர் (ஓய்வு):
ஒன்றைச் சொல்ல மறந்தேன். சல்லடையை நான்குபுறமும் மூடுகிறவர் மேலே காற்றுப்போக்கி வைக்கட்டும், உள்ளே பீடிக்கு இடம் கொடுக்க வேண்டாம். மூடிய இடத்தில் மிதக்கும் கரித்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் 1906-இல் நிலக்கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் பொடி தூவுவது இப்படித் தீ பரவாமல் இருக்கத்தான். மூட்டத்திலிருந்து எடுத்த புதுக்கரியும் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறும் என்பதால், ஆறவிடாமல் மூட்டை பிடிக்கக் கூடாது.

உப்பளக்காரன் (வாலிநோக்கம்):
நன்றி ஐயா. கசப்பு நீரை இலவசமாகத் தருவதாகக் கிட்டங்கிக்காரரிடம் சொன்னேன். விடியற்காலையில் சலிக்கவும் சம்மதித்துவிட்டார். பனைமட்டைச் செலவில் மட்டும் பாதியை என்னிடம் கேட்கிறார்.